பாலம் வரைக்கும் ஓடிய வண்டி

காலையில் பல் தேய்த்ததும் அழகியநாயகி செய்யும் முதல் வேலை காரை ஸ்டார்ட் செய்வது. வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். தரையில் சரல் என்னும் பொடிக்கல் பரப்பியிருக்கிறது. உள்ளே நிற்பது தொண்ணூறுகளில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார், மூன்று சிலிண்டர். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் இருமிக்கொண்டே உயிர் வரும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார்.

இது மகன் ஹரிகுமார் மஸ்கட்டிலிருந்து போட்ட உத்தரவு. "அம்மா, டெய்லி அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் போடு. இல்லேன்னா பேட்டரி இறங்கிரும்." வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குமரி மாவட்டத்து வீடுகளில் இது ஏறக்குறைய நித்திய பூசை. தாயோ தகப்பனோ காலையில் ஷெட்டைத் திறப்பார்கள், எஞ்சின் உறுமும், அணையும். வண்டி எங்கும் போகாது.

அழகியநாயகி சில நாள் வண்டியைச் சாலையில் இறக்குவதும் உண்டு. வயல்களின் நடுவே போகும் சாலையில் கால்வாய்ப் பாலம் வரை போவார். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நெற்களத்தில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். பாலத்தைத் தாண்டுவதில்லை.

அவருக்கு ஓட்டத் தெரியாமல் அல்ல. அந்த வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்த கணவர் சுயம்புலிங்கத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். அவர் இடது பக்கம் உட்கார்ந்து, கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வருவார். தெரிந்த ஊரின் பெயரைக்கூட முதல் தடவை பார்ப்பவர் போல வாசிப்பார். குலசேகரம் ரப்பர்த் தோட்டங்களின் நிழல் வரை, முட்டம் கலங்கரை விளக்கம் வரை அப்படிப் போய் வந்திருக்கிறார்கள். மனைவி ஓட்டக் கணவர் அமர்ந்து போவதைப் பார்த்து ஊர் கொஞ்ச காலம் சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சுயம்புலிங்கம் இறந்தார். அன்று காலை அவர் வேலைக்குப் புறப்பட்டபோது எதிரே வந்தது பால்காரர். பால் எதிரே வந்தால் சகுனம் நல்லது என்று ஊரே சொல்லும். மதியம் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பால்காரரை அதன் பிறகு யாரும் விசாரிக்கவில்லை. விசாரணையெல்லாம் அழகியநாயகிக்குத்தான் நடந்தது, இன்றும் நடக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் வீடு சுயம்புலிங்கத்தின் தம்பி பிரம்மநாயகத்துடையது. போன வருடம் ஒரு காலை, தன் மகள் அஞ்சுவுக்கு மாப்பிள்ளை பார்க்க அவர் மனைவியோடு ஸ்கூட்டரில் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அழகியநாயகியின் கார் பாலத்தில் ஏறியது. பிரம்மநாயகம் வண்டியைப் பார்த்தார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குள் திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மறுபடியும் புதிதாகப் புறப்பட்டார். தாலி இல்லாதவள் எதிரே வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டுமாம். திறந்த வாசல் வழியாக அந்தத் தண்ணீர்ச் செம்பு உயர்ந்து தாழ்வதை அழகியநாயகி கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தார்.

பிரம்மநாயகம் கொடியவர் அல்ல. அண்ணனின் பாடையில் முன்கொம்பைப் பிடித்தவர். தோட்டத்தில் குலை வெட்டினால் ஒரு சீப்பு மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, வந்துவிடும். அதனால்தான் இதை எழுதும் எனக்குக் கோபம் அதிகம். கொடியவன் செய்தால் எதிர்த்துக் கேட்கலாம். வாழைப்பழம் கொடுக்கும் கையே தண்ணீர்ச் செம்பையும் எடுக்கும்போது கேட்பதற்குக்கூட வாய் வருவதில்லை.

அன்றிலிருந்து அழகியநாயகி பாலத்தில் ஏறுவதில்லை. பழைய வண்டி என்பதால் அதன் சத்தம் தனி. களத்தருகே அது கேட்டாலே, அந்தக் கரையில் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் கதவுக்குள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவார்கள். இதையும் அவர் கவனித்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் மேலிருக்கும் ஆயில் மூடியைத் திருகி எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடியின் அடிப்பக்கம் முழுக்கக் கெட்டியான வெளிர் பழுப்பு நுரை. பால் கூடிப்போன காப்பியின் நிறம். விரலில் எடுத்துத் தேய்த்தார்; வழவழவென்று இருந்தது. ரேடியேட்டருக்கு மிச்சத் தண்ணீர் நிற்கும் சின்னப் பாட்டிலில் பச்சை நிறக் கூலன்ட், கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கொஞ்ச நாளாகவே காலையில் பின்குழாய் வெள்ளைப் புகை விடுவதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். எஞ்சினுக்குள் ஆயில் ஒரு வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் இன்னொரு வழியாகவும் ஓடுகின்றன. இரண்டும் கலக்காமல் தடுப்பது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு மெல்லிய தகடு. கேஸ்கட் என்பார்கள். அது போனால் தண்ணீர் ஆயிலில் இறங்கும். ஆயில் பாலாகும். பாலான ஆயில் உள்ளே சுழலும் இரும்பைத் தின்றுவிடும்.

விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலையே பிரம்மநாயகம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் மூடியைத் திறந்தார், நுரையைப் பார்த்தார், மூடினார்.

"ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டும் வளைஞ்சிருக்கும். இத இறக்கிச் செய்யதுக்கு வண்டிய எடைக்குப் போடலாம்."

"டிப்ஸ்டிக்க உருவிப் பாக்கலியே?" என்றார் அழகியநாயகி.

"எதுக்கும்மா? இங்கயே பால் நிக்கே."

அவர் போன பிறகு பிரம்மநாயகம் வாசற்படியில் நின்று தயங்கினார். "மைனி, இனி இத வச்சு என்ன செய்யப் போறிய? ஹரிட்டயும் பேசிட்டேன். எஞ்சின் போச்சுன்னா குடுத்துரலாம்னு அவனும் சொல்லிட்டான். திங்கக்கிழம காலைல பழைய வண்டி எடுக்கிற ஆளு வாறான். ஒங்களுக்கு எங்கயாவது போணும்னா ஆட்டோ சொல்லுகேன்."

"எனக்கு என்ன ஓட்டம் இருக்கு, ஆட்டோ சொல்லதுக்கு?"

"அதத்தான் நானும் சொல்லுகேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அஞ்சுவுக்குக் கல்யாணம் வருது. காலைல ஆளு வரும், போகும். அந்த நேரத்துல வண்டி…" முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

"கல்யாணத்துக்கு நான் எப்போ வரணும்?"

"பந்தி நேரத்துக்கு வந்தா போதும் மைனி. சீக்கிரமே வந்து நிண்ணு கஷ்டப்படாண்டாம்."

அவர் போனதும் அழகியநாயகி ஷெட்டில் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். எஞ்சின் செத்துவிட்டது என்றால் வண்டி போகும். வண்டி போனால், யாரையும் கேட்காமல் தன் வீட்டை விட்டு வெளியே போக அவருக்கு இருந்த ஒரே வழி போகும். போகிற தூரம் அரை கிலோமீட்டர்தான் என்றாலும் அந்த அரை கிலோமீட்டர் அவருடையது. ஆனால் செத்துவிட்டதா? அதை யாரும் நிரூபிக்கவில்லையே. மூடியைத் திறந்து மூடிய ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் வெட்டூர்ணிமடத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜெஃப்ரினை வரச் சொன்னார். முன்பு இந்த வண்டியைப் பழுது பார்த்தவர். நடுவில் சார்ஜாவில் ஒரு கேரேஜில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

ஜெஃப்ரினும் முதலில் மூடியைத் திறந்து உச்சுக்கொட்டினார். "கேஸ்கட் மாதிரிதான் இருக்கும்மா."

"மாதிரின்னா போதாது. ஆமாவா இல்லியான்னு எனக்குத் தெரியணும். திங்கக்கிழம ஆளு வாறான்."

"கோர்ட்ல நிக்கது மாதிரி கேக்கியளே," என்று சிரித்தவர், அதற்குப் பிறகு சிரிக்காமல் வேலை செய்தார். டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். ஆயில் கறுத்திருந்தது, பால் இல்லை. அளவும் கூடவில்லை. "இது நல்ல விஷயம். தண்ணி இறங்கியிருந்தா அடியில கிடக்க ஆயிலும் வெளுத்திருக்கணும்." குளிர்ந்திருந்த ரேடியேட்டரைத் திறந்தார். உள்ளே எண்ணெய்ப் படலம் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே மாதிரிக் கரி. தண்ணீர் புகுந்த சிலிண்டராக இருந்தால் அதன் பிளக் மட்டும் கழுவினது போல் வெளுத்திருக்கும் என்றார்.

பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்திக் காற்றடித்தார். பம்பின் மேலிருந்த முள் ஏறி நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள். முள் மெல்ல, மிக மெல்ல, இறங்கத் தொடங்கியது.

"எங்கயோ போகுது," என்றார் ஜெஃப்ரின். குரல் இறங்கிவிட்டது.

அழகியநாயகி டார்ச்சை எடுத்து நீட்டினார். ஜெஃப்ரின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எஞ்சினின் பின்பக்கம் குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை விட்டு ஒரு ரப்பர்க் குழாயின் கழுத்தைத் தடவினார். விரலில் பச்சை நிறத்தில் உப்புப் பூத்தது போல் ஒரு பொடி.

"இந்தா கிடக்கான் கள்ளன்! கிளிப்பு தளந்து கிடக்கு. சொட்டு சொட்டா வெளியதான் போயிருக்கு. கீழ சரலு. சொட்டுனா தெரியாது, குடிச்சுரும்."

கிளிப்பை முறுக்கினார். மறுபடி காற்றடித்தார். முள் ஏறியது, நின்றது. அசையவில்லை.

"அப்போ மூடில பால் எப்படி வந்துது?"

ஜெஃப்ரின் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "டெய்லி எவ்வளவு தூரம் ஓட்டுவிய?"

"காலைல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவேன். சில நாளு பாலம் வரைக்கும்."

"ஏது, அந்தக் கால்வாப் பாலமா?"

"ஆமா."

"வண்டி கடைசியா எப்போ அதுக்கு மேல போச்சு?"

"போன வருஷம்," என்றார் அழகியநாயகி.

"இந்த நாட்டுல பாதி வண்டிக்கு இந்தச் சூக்கேடுதாம்மா, இதே நோவுதான்," என்றார் ஜெஃப்ரின். "மகன் போன்ல ஸ்டார்ட் பண்ணும்பான். அம்மை பண்ணும். எஞ்சின் சூடாவதுக்குள்ள அணைச்சுரும். பெட்ரோல் எரிஞ்சாலே உள்ள ஈரம் வரும், கேட்டியளா. எஞ்சின் நல்லா சூடானா அது ஆவியாப் போயிரும். சூடாகலேன்னா மூடியில போய் ஒட்டி, ஆயிலோட கலந்து நுரைக்கும். வெள்ளப் புகையும் அதே ஈரந்தான்."

"அப்போ கேஸ்கட் நல்லாருக்கு?"

"தொண்ணூறு சொல்லுவேன், நூறு சொல்ல மாட்டேன். சில கேஸ்கட்டு எஞ்சின் ஆறி இருக்கையில பிடிச்சு நிக்கும், சூடானாத்தான் விடும். ஆயில மாத்தி, கூலன்ட் கோடு வரைக்கும் ஊத்தி, மூடியத் தொடச்சுத் தாறேன். நாளைக்கு இத நல்லா சூடேற ஓட்டுங்க. ஒரு மணிக்கூர் போணும், ஒரு மணிக்கூர் வரணும். ராத்திரி ஆறட்டும். திங்கக்கிழம காலைல மூடியத் தொறங்க. பால் இருந்தா கேஸ்கட். இல்லேன்னா ஒண்ணும் இல்ல."

"எங்க போக?"

"எங்க வேணும்னாலும் போங்க. எஞ்சினுக்கு ஊரு பேரா தெரியும்?"

ஜெஃப்ரின் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழகியநாயகி அன்று பகல் முழுவதும் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். எங்கே போவது? தங்கை வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தை. முன்னறிவிப்பு இல்லாமல் போய் நின்றால் தங்கையின் மாமியார் முகம் மாறும். சுயம்புலிங்கத்தின் நண்பர் ஒருவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியிருக்கிறார்; அழைப்பு வரவில்லை. ஒவ்வொரு வாசலாக நினைத்து ஒவ்வொன்றாகக் கழித்தார். ஜெஃப்ரின் எஞ்சினில் செய்ததும் அதே வேலைதான். ஆனால் அவர் கழித்துக்கொண்டே போனபோது கடைசியில் ஒரு காரணம் மிஞ்சியது. இவர் கழித்துக்கொண்டே போனபோது ஒரு வாசலும் மிஞ்சவில்லை.

ஒரு மெக்கானிக் சந்தேகப்பட்டதைச் சோதித்துப் பார்க்கிறார். தவறென்றால் விட்டுவிடுகிறார். இந்த நாட்டில் சகுனத்தை யாராவது அப்படிக் காற்றடித்துச் சோதித்ததுண்டா? ஓர் உலோகத் தகட்டுக்குக் கிடைக்கும் நியாயமான விசாரணை இங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் உச்சியில் நிற்கும்போது புறப்பட்டார். அந்நேரம் யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். யார் மனமும் நோகாது. பாலத்தில் ஏறும்போது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. பிரம்மநாயகத்தின் வீடு சாத்தியிருந்தது. கோட்டாறு தாண்டி, ராஜாக்கமங்கலம் தாண்டி, கடியப்பட்டணத்தில் போய்க் கடல் பார்க்க நிறுத்தினார். அதற்கு மேல் சாலை இல்லை. இடது பக்க இருக்கை காலியாகக் கிடந்தது. வழியில் எத்தனையோ பலகைகள். ஒன்றைக்கூட வாசிக்க யாரும் இல்லை.

வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு ஒரு பெண் காரின் அருகே வந்தாள்.

"மீனு வேணுமா? நல்ல சாளை இருக்கு."

"நான் மீன் சாப்பிட மாட்டேன்."

"பின்ன என்னத்துக்கு இங்க வந்திய?"

"எஞ்சின் சூடாக்க."

அந்தப் பெண் குனிந்து அவரையும் காரையும் பார்த்தாள். "அடுப்புல வச்சா சூடாவாதா?" என்று சொல்லி அவளே சிரித்தாள். "பஸ்ஸு போச்சு. முக்கு வரைக்கும் விடுவியளா? பாத்திரத்த டிக்கியில வைக்கேன். வாட வரும், இப்பவே சொல்லிட்டேன்."

சைவக் குடும்பத்து வண்டிக்குள் முதன்முதலாக மீன் ஏறியது. முன்கதவைத் திறந்து அவள் உட்காரப் போகும்போது அழகியநாயகி தன்னையறியாமல் சொன்னார்: "நான் தாலி இல்லாதவ. வியாபாரத்துக்குப் போற ஆளு நீ."

"நானுந்தான். சாளைக்குத் தெரியவா போகுது?" கதவை அடித்துச் சாத்தினாள். கொஞ்ச தூரம் போனதும் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வள்ளம் தள்ளுற நேரத்துல என்னையும் கரைப்பக்கம் வராதேம்பானுவ. மீனு வந்தா மட்டும் வந்து எடுத்துட்டுப் போம்பானுவ."

"பந்திக்கு மட்டும்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

முக்கில் இறங்கிக்கொண்டவள் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி, திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் போய்விட்டாள். பெயர் கேட்கவில்லை என்பது அழகியநாயகிக்குப் பிறகுதான் உறைத்தது. திரும்பும் வழி முழுக்க வண்டிக்குள் மீன் மணம் இருந்தது. மூக்குக்கு ஆகாத மணம். ஆனால் யாரோ உட்கார்ந்து போனதன் அடையாளம் அது. கண்ணாடியை இறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிரம்மநாயகம், வண்டி எடுக்கும் ஆளோடு வந்தார். அழகியநாயகி பானெட்டைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார். ஆயில் மூடியில் கை வைத்தார். திருகினார். எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார்.

மூடியின் அடியில் தேன் நிறத்தில் மெல்லிய எண்ணெய். வேறொன்றும் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவினார். அதுவும் சுத்தம். கூலன்ட் கோட்டிலேயே நின்றது.

மூடியை எடுத்துக்கொண்டு போய்ப் பிரம்மநாயகத்திடம் காட்டினார். "பாருங்க. எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. குழாயில ஒரு கிளிப்பு. அவ்வளவுதான்."

வந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுற வண்டிய நான் எடைக்கு எடுக்க மாட்டேன் சாரே," என்று தன் வழியே போனார்.

பிரம்மநாயகம் மூடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "நல்லதுதான் மைனி. ஆனா கல்யாணம் முடியது வரைக்கும் வெளிய எடுக்காண்டாம். ஷெட்லயே ஸ்டார்ட் பண்ணி வையுங்க."

"ஷெட்ல ஸ்டார்ட் பண்ணுனதுதான் சூக்கேடே. தூரமா ஓட்டாட்டா கெட்டுப்போகும்."

"எங்க போவிய?"

"தெரியாது."

"பின்ன?"

"போய்ட்டு வாறேன்."

பானெட்டைச் சாத்தி, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். காலை வேளை, நல்ல காரியங்களுக்கு ஊர் புறப்படும் நேரம். சத்தம் களத்தை எட்டியதும் அந்தக் கரையில் ஒரு பைக் வாசலுக்குள் பின்வாங்கியது. அழகியநாயகி களத்தில் திருப்பவில்லை. பாலத்தில் ஏறினார்.

பிரம்மநாயகத்தின் வாசலில் அஞ்சு கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றாள். சின்ன வயதில் இந்த வண்டியின் பின்சீட்டில் தூங்கி விழுந்தவள். காரைப் பார்த்ததும் கை பாதி உயர்ந்தது. உள்ளிருந்து தாயின் குரல் கேட்டது. கை இறங்கியது. கண்ணாடியில் அவள் சின்னதாகி, பிறகு வாசல் மட்டும் தெரிந்தது.

அழகியநாயகி வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சாலையின் இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். எதிரே யாரும் வரவில்லை. முன்னாலிருந்த மானியில் சூட்டைக் காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. பாலம் தாண்டி, அடுத்த ஊர் தாண்டி, பெரிய சாலை வந்த பிறகு மெல்ல எழுந்து நடுவில் நின்றது. சாலையோரம் ஒரு பெயர்ப்பலகை வந்தது. அதில் இருந்ததை அவர் சத்தமாக வாசித்தார்.